‘கொடுமையாய்’ என்னும் ஒரு சொல்



போட்டித் தேர்வுக்கு ஆயத்தமாகிவரும் நமது சபையின் மகள் ஒருத்தி, சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு குறிப்பேட்டுடன் என்னிடம் வந்தாள். அதில் ஆங்கில வினையடைகள் சிலவற்றை வரிசையாக எழுதிவைத்திருந்தாள்: க்ரூயலி, காலஸ்லி, ரூத்லெஸ்லி, ஸ்பைட்ஃபுலி, வான்டன்லி, மலிஷியஸ்லி. “ஐயா, எங்கள் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் ‘கொடூரமாக’ என்றே பொருள் போட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒன்றுதான் என்றால் இத்தனை சொற்கள் எதற்கு?” என்று கேட்டாள்.

அவளுக்கு அப்போது சுருக்கமாகவே பதில் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி வாரம் முழுவதும் என்னைவிட்டு நீங்கவில்லை. அது நம்முடைய மாவட்டத்தின் வரலாற்றுக்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. அதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சொற்களின் வேர்கள்

வினைச்சொல் என்ன நடந்தது என்று சொல்கிறது. எப்படி நடந்தது என்று சொல்வது வினையடை. “வேலை வாங்கினான்” என்பது ஒரு செய்தி. “கொடுமையாய் வேலை வாங்கினான்” என்றதும் அதே செய்தி குற்றச்சாட்டாகிவிடுகிறது.

அந்த மகள் எழுதிய சொற்கள் ஒவ்வொன்றும் கொடுமைக்குச் செல்லும் ஒரு தனி வழியைக் காட்டுகின்றன. ‘க்ரூயலி’ என்பதன் இலத்தீன் வேர், பச்சை இறைச்சியையும் சிந்திய இரத்தத்தையும் குறிக்கும் சொற்களோடு உறவுடையது. ‘ஸ்பைட்ஃபுலி’ என்பதன் வேர் மேலிருந்து கீழாகப் பார்ப்பது, அதாவது பிறனை இழிவாய் நோக்குவது. ‘வான்டன்லி’ என்பதற்கு ஆதியில் சரியாக வளர்க்கப்படாதவனின் போக்கு என்று பொருள். ‘மலிஷியஸ்லி’ தீய நோக்கத்தைச் சுட்டுகிறது. ‘ரூத்லெஸ்லி’ என்பதில் உள்ள ‘ரூத்’ இரக்கத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். வேதாகமத்தின் ரூத்தோடு அதற்கு ஒலி ஒற்றுமை மட்டுமே உண்டு.

‘காலஸ்லி’ என்பதன் வேர் தோலில் உண்டாகும் காய்ப்பு. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உழைக்கும் நம் சகோதரரின் கைகளைப் பற்றி வாழ்த்துச் சொல்லும்போதெல்லாம் அந்தக் காய்ப்பை நான் உணர்ந்திருக்கிறேன். கையில் இருக்கும்வரை அது உழைப்பின் அடையாளம். அதே காய்ப்பு உள்ளத்தில் ஏறிவிட்டால், பிறர் வலி அதற்குள் இறங்குவதில்லை.

நம்முடைய ‘கொடுமை’க்கும் ஒரு வேர் உண்டு. ‘கொடு’ என்றால் வளைந்தது. நேரான கோல் செங்கோல். வளைந்த கோல் கொடுங்கோல். திருக்குறளில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக நிற்கின்றன. ஆகவே நம் முன்னோர் கொடுமையை முதலில் இரத்தமாகப் பார்க்கவில்லை. நேராக இருக்க வேண்டியது வளைக்கப்படுவதாகவே பார்த்தார்கள். இந்தக் கட்டுரை முழுவதற்கும் அந்த எண்ணம் நமக்கு உதவும். ஏனென்றால் கொடுமை செய்கிறவன் முதலில் வளைப்பது சொல்லைத்தான். “நான் கொடுமையாய் நடந்தேன்” என்று எவனும் தன்னைக்குறித்து எழுதிவைப்பதில்லை. வேறொரு வினையடையை அந்த இடத்தில் வைத்துவிடுகிறான்.

‘மென்மையாய்’

இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997-ல் தனி மாவட்டமாயிற்று. அதற்குமுன் திருவள்ளூரும் பொன்னேரியும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதிகள். அந்த மாவட்டத்து நெல்வயல்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் படியாட்கள். படி அளவில் தானியம் கூலியாகப் பெற்றதால் அந்தப் பெயர். அவர்களில் மிகப் பலர் இன்று ஆதிதிராவிடர் என்று நாம் அழைக்கும் மக்கள். ஒரு திருமணத்துக்கோ ஒரு சாவுக்கோ வாங்கிய சிறிய கடனுக்காக ஒருவன் தன் உழைப்பையே அடகு வைத்தான். கடன் தீரவில்லை, பிள்ளைகள் அதைச் சுமந்தார்கள்.

தப்பிச் செல்ல வழி இல்லாதபடி இன்னொரு கட்டும் இருந்தது. செங்கல்பட்டு மிராசு முறை வேரூன்றிய மாவட்டம். ஊரின் தரிசு நிலமும், குடிசை நிற்கும் நத்தமும்கூடத் தமக்கே உரியவை என்று மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினார்கள். எதிர்த்துப் பேசியவன் அன்று மாலையே குடிசையை இழக்கக்கூடும்.

இதை ஆங்கிலேய அரசு எந்த வினையடையால் எழுதியது? அமெரிக்கத் தோட்டங்களின் அடிமைமுறையோடு ஒப்பிட்டு, இந்திய அடிமைத்தனம் மிதமானது, எஜமானும் ஆளும் குடும்பம்போல் இணக்கமாய் வாழ்கிறார்கள் என்று பல அதிகாரிகள் எழுதினார்கள். கொடுமையாய் நடந்தது ‘மென்மையாய்’ நடந்ததாகக் காகிதத்தில் ஏறிற்று. நிலவரி தவறாமல் வந்து சேர வேண்டும் என்னும் கவலை அரசுக்கு இருந்தது. அந்த வரியைக் கட்டியவர்கள் நிலவுடைமையாளர்கள். அவர்களுடைய ஆட்களைப்பற்றி அதிகம் கேட்காமல் இருப்பது அரசுக்கு வசதியாயிருந்தது.

‘மனப்பூர்வமாய்’

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமையின்மேல் எஜமான் கொண்டாடும் உரிமையை இனி நீதிமன்றங்கள் ஏற்காது என்று அறிவித்தது. சட்டம் வந்தது, வயலில் வாழ்க்கை மாறவில்லை. மாறியது பத்திரத்தின் மொழி. அதுவரை ‘அடிமை’யாயிருந்தவன் கடன்பட்ட ஆளானான். அவன் தன் சம்மதத்தின்பேரில்தான் கட்டுப்பட்டிருக்கிறான் என்று சொல்லப்பட்டது. கடன் பத்திரங்களில் நமக்கு நன்கு பழக்கமான சொல் ஒன்று உண்டே, ‘மனப்பூர்வமாய்’ என்று, அந்தச் சொல்லின் நிழலில் பழைய கட்டு புதிய பெயரோடு தொடர்ந்தது. எழுதப்படிக்கத் தெரியாதவனின் கைநாட்டு அவன் மனத்துக்குச் சாட்சியாயிற்று.

இதே காலத்தில் சட்டம் வினையடைகளை மிகக் கவனமாக எடைபோட்டுக்கொண்டும் இருந்தது என்பது வியப்புக்குரியது. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837-ல் வரைந்து, 1860-ல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பாருங்கள். நேர்மையின்றி என்பதற்கும், மோசடியாக என்பதற்கும், தன்னிச்சையாக என்பதற்கும் தனித்தனிப் பிரிவுகளில் விளக்கம் எழுதப்பட்டது. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகச் சட்டவிரோதமாய் வேலை செய்யக் கட்டாயப்படுத்துவது 374ஆம் பிரிவில் குற்றமாயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 146ஆம் பிரிவு.

அவ்வாறாயின் படியாளை அந்தச் சட்டம் ஏன் விடுவிக்கவில்லை? ‘விருப்பத்துக்கு மாறாக’ என்பதை யார் நிரூபிப்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. பத்திரம் ‘மனப்பூர்வமாய்’ என்றது. அதை மறுத்துப் பேச வேண்டியவன் குடிசையையும் கூலியையும் எஜமானிடம் நம்பியிருந்தான்.

‘அறியாமல்’

மூன்றாவது வினையடை இன்னும் நுட்பமானது. 1854-ல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடப்பதாக எழுந்த புகார்களை விசாரிக்க ஓர் ஆணையம் அமைந்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர்கள். 1855-ல் வெளியான அதன் அறிக்கை, நிலவரி வசூலுக்காகவே மக்கள் வதைக்கப்பட்டார்கள் என்பதை ஒப்புக்கொண்டது. விரல்களைக் கட்டைகளுக்கிடையில் வைத்து நெருக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டிவைக்கும் அண்ணாந்தாள், வெயிலில் நிறுத்திவைத்தல் ஆகியவை அதில் பதிவாகியுள்ளன. ஆட்சியாளர் தம் குற்றத்தைத் தாமே அச்சிட்டு வெளியிட்டது சிறிய காரியமல்ல. அதை நாம் மதிக்க வேண்டும்.

ஆயினும் பழி முழுவதும் கீழ்நிலையிலிருந்த இந்தியச் சேவகர்மேல் விழுந்தது. ஐரோப்பிய அதிகாரிகள் அதை ஆதரிக்கவில்லை, அவர்கள் கருணையுள்ளவர்கள் என்று அறிக்கை அவர்களை விடுவித்தது. கிட்டியைப் பிடித்த கை உள்ளூர்க்காரனுடையதுதான். அவன் குற்றமற்றவன் அல்ல. ஆனால் இவ்வளவு வரி இந்த நாளுக்குள் வர வேண்டும் என்று கேட்டது வேறொரு கை. அந்தக் கை, வரி எப்படி வந்தது என்று கேட்காததால், ‘அறியாமல்’ என்னும் சொல்லுக்குள் ஒதுங்கிக்கொண்டது. கேட்காமல் இருந்ததால் அறியாமல் இருப்பதும் ஒருவகைக் காய்ப்புதான்.

ஈக்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும்

இந்தச் சொற்களை நேராக்க முயன்றவர்களும் இருந்தார்கள். திருவள்ளூருக்கு அருகிலுள்ள ஈக்காட்டை நம்மில் பலர் அறிவோம். அங்கே வெஸ்லியன் மிஷன் ஊழியராயிருந்தவர் வில்லியம் கௌடி. அவர் பெயரைத் தாங்கிய பள்ளி இன்றும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் வடக்கே ஷெட்லாந்து தீவுகளிலிருந்து வந்த அவர், ஞானஸ்நானம் கேட்டு வந்த ஏழைகளின் ஆத்துமாவைமட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பவில்லை. அவர்களுக்கு வீட்டுமனை உண்டா, நிலம் உண்டா, யாரிடம் கடன் என்றும் கேட்டார். 1890களில் மிஷன் இதழ்களில் அவற்றை எழுதினார். ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் ஆடம் ஆண்ட்ரு செங்கல்பட்டுப் பகுதியில் இதே கேள்விகளை எழுப்பி, மெல்ரோசாபுரம் என்னும் குடியிருப்பை உருவாக்கினார்.

அரசுக்குள்ளேயும் ஒருவர் கேட்டார். செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த ஜே. எச். ஏ. ட்ரெமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைகுறித்து 1891-ல் ஓர் அறிக்கை எழுதினார். அவர்களின் வீடு, உணவு, கூலி, கடன் ஆகியவற்றை விவரித்து, வீட்டுமனையும் தரிசு நிலமும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும், பள்ளிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தார். அவருடைய மேலதிகாரிகள் பலர் அதை மிகைப்படுத்தல் என்றே கருதினார்கள். ‘மென்மையாய்’ என்று நெடுங்காலம் எழுதிவந்தவர்களுக்கு வேறு சொல்லை ஏற்பது எளிதாயிருக்கவில்லை. எனினும் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வதன் தொடக்கம் அது. அந்த நிலங்களில் பல பிற்காலத்தில் கைமாறிப்போன கதையும், அவற்றை மீட்கும் போராட்டமும் இன்னும் முடியவில்லை.

மிஷனெரிகளைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடவும் எனக்கு மனமில்லை. நம் திருச்சபைகளில் நெடுங்காலம் சாதியின்படி இருக்கைகள் பிரிந்திருந்தன, கல்லறைகளும் பிரிந்திருந்தன. கேட்டால் ‘வழக்கமாய் அப்படித்தான்’ என்றார்கள். நான்காவது வினையடை அது. அதை ஆலயத்துக்கு வெளியே தேட வேண்டியதில்லை.

செங்கல்லின் கதை

யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தில், எகிப்தியர் இஸ்ரவேலரை வேலை வாங்கிய விதத்தைச் சொல்ல எபிரெய மொழியில் ‘பெரேக்’ என்னும் சொல் வருகிறது. நொறுக்குதல் அதன் அடிப்பொருள். நம் வேதாகமத்தில் அது ‘கொடுமையாய்’ என்று வாசிக்கப்படுகிறது. எபிரெய வேதம் முழுவதிலும் அந்தச் சொல் ஆறு முறை மட்டுமே வருகிறது. யாத்திராகமத்தில் பார்வோனைக்குறித்து இரண்டு முறை. லேவியராகமம் 25-ல் மூன்று முறை; அங்கே, விடுதலை பெற்ற இஸ்ரவேலரே தம் சகோதரரை அப்படி ஆளக் கூடாது என்று கட்டளையாக வருகிறது. எசேக்கியேல் 34-ல் ஒரு முறை. அங்கே குற்றம் சாட்டப்படுகிறவர்கள் மந்தையின் மேய்ப்பர்கள். பார்வோனுக்குரிய வினையடை, விடுதலையானவர்களிடமும் வந்தது, மேய்ப்பரிடமும் வந்தது. ஒரு மேய்ப்பனாக அந்த வரிசையை நடுக்கத்தோடுதான் வாசிக்கிறேன்.

பார்வோன் தன் செயலுக்கு என்ன பெயரிட்டான் என்பதையும் கவனியுங்கள். ஐந்தாம் அதிகாரத்தில், வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கைமட்டும் குறைக்காமல் கேட்கிறான். அதற்கு அவன் சொல்லும் காரணம், ஜனங்கள் சோம்பேறிகள் என்பது. தன் கொடுமை அவன் கணக்கில் இல்லவே இல்லை.

அந்த அதிகாரத்தை நம் ஊரில் வாசிக்கும்போது கண்ணுக்கு முன் சூளைகள் தெரிகின்றன. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபாடா போன்ற வறண்ட மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். ஊரிலேயே தரகர் கையில் முன்பணம் தருகிறார். பருவம் முடியும்வரை அந்தப் பணம் கழிய வேண்டும். கூலி, அறுத்த கல்லின் எண்ணிக்கைக்கு. ஆகவே பிள்ளைகளும் களத்தில் இறங்குகிறார்கள். 2011-ல் இம்மாவட்டத்தின் ஒரு சூளையிலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு பேர் மீட்கப்பட்டனர். செங்குன்றம் பகுதியின் அரிசி ஆலைகளில் இருளர் குடும்பங்கள் கொத்தடிமைகளாயிருந்து மீட்கப்பட்டதும் நாம் அறிந்ததே. எல்லாச் சூளைகளும் ஆலைகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நேர்மையாய் நடத்துகிறவர்கள் உண்டு. ஆனால் படியாளின் முன்பணம் 1891-லிருந்து நம் காலத்துக்கு நடந்தே வந்திருக்கிறது.

சட்டம் தன் பங்குக்கு ‘மனப்பூர்வமாய்’ என்னும் சொல்லை இறுதியாக அவிழ்த்துப் பார்த்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவன்மேல் வைத்தது. 1982-ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு ஒருபடி மேலே சென்றது. பசியும் வறுமையும் ஒருவனைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்யத் தள்ளினால் அதுவும் கட்டாய உழைப்பே, அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது என்றது. வேறு வழியில்லாதவன் தந்த சம்மதத்தைச் சம்மதம் என்று எழுத முடியாது என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சொல்லிற்று. வளைந்த ஒரு சொல் நிமிர்த்தப்பட்டது.

நம்முடைய வினையடை எது?

இங்கே என் குற்றத்தையும் அறிக்கையிட வேண்டும். சில ஆண்டுகளுக்குமுன், நான் பொறுப்பேற்றிருந்த ஒரு சபையில் சுற்றுச்சுவர் கட்டினோம். செங்கல் விலையை மூன்று இடங்களில் விசாரித்தேன். குறைந்த விலைக்குத் தந்தவரிடம் வாங்கி, சபையின் பணத்தை மிச்சப்படுத்தியதாக மகிழ்ந்தேன். அந்த விலை எப்படிக் குறைந்தது என்று கேட்கவில்லை. கல்லை அறுத்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன கூலி, பருவம் முடிந்தபோது கையில் பணத்தோடு ஊர் திரும்பினார்களா என்று கேட்கவில்லை. அங்கே தீங்கு நடந்ததா என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததே என் குற்றம். ‘அறியாமல்’ என்னும் சொல் 1855-ன் அறிக்கையில்மட்டும் இல்லை; அது என் சுவரிலும் இருக்கிறது.

நம் சபையில் ஒப்பந்தத்தின்பேரில் ஆலைகளுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் இருக்கிறீர்கள், மேற்பார்வையாளர்கள் இருக்கிறீர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர்களும் இருக்கிறீர்கள். “பன்னிரண்டு மணி நேரம் அவர்களே விரும்பித்தான் செய்கிறார்கள்” என்றோ, “பத்துப் பேர் ஓர் அறையில் இருப்பது அவர்களுக்கு வழக்கம்தான்” என்றோ சொல்ல நாவெழும்போது, ஒரு கணம் நில்லுங்கள். அந்த வினையடையை அவர்களே சொன்னார்களா, அவர்களுக்காக நாம் சொல்கிறோமா? அவர்களைக் கேட்டால் அந்த இடத்தில் எந்தச் சொல்லை வைப்பார்கள்? மொழி தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை உடன்வைத்துக் கேளுங்கள். கணக்குச் சீட்டை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஆதார் அட்டையைப் பிடித்துவைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த மகளுக்கு நான் தர வேண்டிய முழுப் பதில் இதுதான். மகளே, அந்தச் சொற்கள் எல்லாம் ஒன்றல்ல. ஒன்று இரத்தத்தைப் பார்க்கிறது. ஒன்று இழிவாய்ப் பார்க்கும் கண்ணைப் பார்க்கிறது. ஒன்று காய்த்துப்போன உள்ளத்தைப் பார்க்கிறது. தேர்வுக்காக அவற்றை நன்றாகப் படித்துக்கொள். ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத நான்கு சொற்களையும் கீழே எழுதிவைத்துக்கொள்: மென்மையாய், மனப்பூர்வமாய், அறியாமல், வழக்கமாய். நம் மாவட்டத்தில் ‘கொடுமையாய்’ என்பதை அதிகமாய் மறைத்த சொற்கள் இவையே.

வரும் வாரத்தில் யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தையும் லேவியராகமம் இருபத்தைந்தாம் அதிகாரத்தையும் குடும்பமாக அமர்ந்து வாசியுங்கள். நம் நாவிலுள்ள வளைந்த சொற்களைக் கர்த்தர் நிமிர்த்துவாராக. ஆமென்.